மலையை விட்டு இறங்கிய எம்.ஏ. அச்சன்

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பட்டம் சந்திப்பைத் தாண்டாதவர் யாரும் இருக்க முடியாது. மின்வாரிய அலுவலகமும், பப்ளிக் சர்வீஸ் கமிஷனும், எல்.ஐ.சி. கட்டிடமும் இருக்கும் இடம் அது. காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது செயின்ட் மேரீஸ் பள்ளியின் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பள்ளியை ஒட்டி ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறது. அதனுள்ளே ஒரு கல்லறை.

ஆண்டுதோறும் ஜூலை மாதம் பிறந்தால் இந்தக் கல்லறையைத் தேடிக் கால்நடையாக ஜனங்கள் வருகிறார்கள். வடக்கே ரான்னிக்குப் பக்கத்தில் பெருநாடு என்ற மலைக்கிராமத்திலிருந்து கொடி பிடித்துப் புறப்படும் கூட்டம், நூறு கிலோமீட்டருக்கு மேல் மழையில் நடந்து, ஜூலை 14-ம் தேதி பட்டம் வந்து சேரும். அன்று மாலை ஆயிரக்கணக்கானவர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலம் போவார்கள். போக்குவரத்து நின்றுவிடும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நாம், என்ன விசேஷம் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்போம். மார் இவானியோஸ் பாவாவின் நினைவுத் திருநாள் என்று பதில் வரும்.

பெயர் நமக்குப் பழக்கமானதுதான். நாலாஞ்சிறையில் குன்றின்மேல் இருக்கும் மார் இவானியோஸ் கல்லூரியைத் தெரியாதவர் உண்டா? ஆனால் அந்த மனிதர் யார், அவர் கல்லறைக்கு ஏன் பெருநாட்டிலிருந்து நடந்து வருகிறார்கள் என்பதை நம்மில் பலர் அறியோம். இது ஒரு படிப்பாளியின் கதை. படிப்பினால் கிடைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே வைத்துவிட்டு நடந்த கதை.

சென்னையில் படித்த பையன்

1882 செப்டம்பர் 21-ம் தேதி மாவேலிக்கரையில் பணிக்கர் வீடு என்ற பழைய சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் கீவர்கீஸ். நம் தமிழில் சொன்னால் ஜார்ஜ் என்று பெயர். தகப்பனார் தாமஸ் பணிக்கர். சிறு வயதிலேயே கோவில் காரியங்களில் நாட்டம். பதினைந்தாம் வயதில் கோட்டயத்தில் எம்.டி. செமினாரிப் பள்ளியில் சேர்ந்தார். 1900-ல், பதினேழு வயது முடிந்த சில மாதங்களிலேயே, சபையின் திருத்தொண்டராகப் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் அவர்கள் சபையில் குருவானவர் என்றால் சிரியாக் மொழியில் பூசை சொல்லத் தெரிந்தால் போதும். மேற்படிப்பு என்பது அபூர்வம். மாணவனின் புத்திக்கூர்மையைக் கண்ட மேற்றிராணியார் அவரைத் தொடர்ந்து படிக்க வைத்தார். கோட்டயத்தில் சி.எம்.எஸ். கல்லூரி முடிந்து, பட்டணம் வந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. பாரிமுனைக்குப் பக்கத்தில், எஸ்பிளனேடில் இருந்தது. அங்கே சரித்திரமும் பொருளாதாரமும் படித்து 1907-ல் எம்.ஏ. பட்டத்தோடு ஊர் திரும்பினார்.

அந்தச் சபையின் குருமார் வரிசையில் முதல் எம்.ஏ. அவர்தான் என்பார்கள். 1908-ல் பருமலையில் குருப்பட்டம் ஏற்றதும் ஜனங்கள் அவரை எம்.ஏ. அச்சன் என்றே அழைக்கத் தொடங்கினார்கள். அச்சன் என்றால் மலையாளத்தில் சாமியார், பாதிரியார். முழுப்பெயர் மறந்து பட்டமே பெயராகிவிட்டது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அன்று எம்.ஏ. படித்தவர்களுக்கு இருந்த மதிப்பை இன்றைய மதிப்பால் அளந்துவிடக் கூடாது. தாம் படித்த கோட்டயம் செமினாரிப் பள்ளிக்கே அவர் தலைமை ஏற்றார்.

3,000 பூவராகன் வழக்கு

இந்த இடத்தில் அவர் பிறந்த சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

அப்போஸ்தலர் தோமையார் காலத்திலிருந்து வருவதாகச் சொல்லும் கேரளக் கிறிஸ்தவர்கள் போர்த்துக்கீசியர் காலம் வரை ஒரே குடும்பமாக இருந்தார்கள். 1653-ல் மட்டாஞ்சேரியில் போர்த்துக்கீசியக் குருமாரின் அதிகாரத்துக்கு எதிராகச் சபதம் எடுத்த பிறகு குடும்பம் இரண்டாயிற்று. ஒரு பகுதியார் ரோமாபுரிப் பாப்பரசரோடு நின்றார்கள். மற்றொரு பகுதியார் பிரிந்து, பிற்பாடு சிரியா தேசத்து அந்தியோக்கியாப் பாத்திரியார்க்கைச் சார்ந்தார்கள். கீவர்கீஸ் அச்சன் இந்த இரண்டாம் பகுதியைச் சேர்ந்தவர்.

1909-ல் பாத்திரியார்க் அப்துல்லா மலையாள நாட்டுக்கு வந்தார். சபையின் சொத்துக்களின்மேல் யாருக்கு அதிகாரம் என்ற சண்டை மூண்டது. வட்டசேரில் மார் திவன்னாசியோஸ் என்ற மேற்றிராணியாரை 1911-ல் அவர் சபைநீக்கம் செய்தார். உடனே சபை பாவா கட்சி, மெத்ரான் கட்சி என்று பிளந்தது. எம்.ஏ. அச்சன் மெத்ரான் கட்சி. அந்தக் கட்சியின் மூளையே அவர்தான் என்று சொன்னால் மிகையாகாது. பாத்திரியார்க்கின் பிடியிலிருந்து விடுபட மலையாள நாட்டிலேயே கதோலிக்கா என்ற தலைமைப்பட்டம் வேண்டும் என்று யோசித்துப் பாடுபட்டவர்களில் முன் நின்றவர் அவர். 1912-ல் நிரணத்தில் அப்பட்டம் ஸ்தாபிதமாயிற்று.

அதோடு விவகாரம் முடியவில்லை. 1808-ல் ஆங்கிலேயரிடம் வட்டிக்குப் போட்டு வைத்த 3,000 பூவராகன் சபைக்கு உண்டு. அதன் வட்டியை வாங்கும் உரிமை எந்தக் கட்சிக்கு? 1913-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். வட்டிப்பண வழக்கு என்று இதற்குப் பெயர். ஒரு கோர்ட்டில் ஜெயம், மேல் கோர்ட்டில் தோல்வி, மறுபடி விசாரணை என்று 1928 வரை இழுத்தது. அண்ணன் தம்பி வரப்புச் சண்டையில் வக்கீல் வீடு கட்டிய கதையை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். சபையின் இரண்டு கட்சிகளுக்குள் அந்தச் சண்டை வெவ்வேறு வழக்குகளாகத் தொடர்ந்து, 2017 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வந்த பிறகும் பல பள்ளிகளின் வாசலில் போலீஸ் நின்றது என்றால் அதன் ஆழம் விளங்கும்.

எம்.ஏ. அச்சனுக்குச் சரித்திரம் தெரியும். சட்டநுணுக்கம் தெரியும். எதிர்க்கட்சியின் வாதத்தை உடைக்கத் தெரியும். முப்பது வயதில் இவ்வளவும் கைவந்த ஒருவருக்கு அடுத்து என்ன? மேற்றிராணியார் பட்டம்தான். பொறுத்திருந்தால் தானே வந்திருக்கும்.

ஆனால் அவர் வங்காளத்துக்குப் போனார்.

கங்கைக்கரையில் ஆறு வருஷம்

கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் செராம்பூர் என்ற ஊர். வில்லியம் கேரி முதலான பாப்டிஸ்ட் மிஷனரிகள் 1818-ல் நிறுவிய கல்லூரி அங்கே இருக்கிறது. அதன் முதல்வர் அழைப்பின்பேரில் 1913-ல் எம்.ஏ. அச்சன் அங்கே பேராசிரியராகப் போய்ச் சேர்ந்தார். நல்ல சம்பளம். தம்மோடு சில மலையாளி வாலிபர்களையும் அழைத்துப்போய், அந்தச் சம்பளத்திலேயே அவர்களைப் படிக்க வைத்தார் என்று சொல்வார்கள்.

ஊரை விட்டு வேறு மாநிலம் வந்து உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். ஊரில் இருக்கும்போது பெரிதாகத் தெரிந்த சண்டை, ஆயிரம் மைல் தள்ளிப் போனதும் வேறு மாதிரி தெரியும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வழக்கில் எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஜனங்களுக்கு ஜெபிக்கத் தெரியுமா, குருமாருக்குத் துறவு என்றால் என்ன என்று தெரியுமா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. வங்காளத்தில் அப்போது ஆசிரமம் என்ற பேச்சு எங்கும் கேட்டது. தாகூரின் சாந்திநிகேதனையும் பிறகு காந்தியடிகளின் சபர்மதியையும் அவர் ஆர்வத்தோடு கவனித்தார். பழைய சிரியாவிலும் எகிப்திலும் வனாந்தரத்தில் வாழ்ந்த கிறிஸ்தவ முனிவர்களின் ஏடுகளையும், கப்பதோக்கியாவின் பசிலியார் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்குகளையும் ஊன்றிப் படித்தார். நம் நாட்டுச் சந்நியாசமும் அந்தப் பழைய துறவும் ஒன்றையொன்று சந்திக்கும் ஓர் இடத்தை அமைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

1919-ல் பேராசிரியர் உத்தியோகத்தை உதறிவிட்டுத் திரும்பினார்.

முண்டன்மலை

பெருநாட்டுக்குப் பக்கத்தில் முண்டன்மலை. பம்பையாற்றின் பக்கம், அன்று அடர்ந்த காடு. யானையும் பன்றியும் மலேரியாவும் உண்டு. ஒருவர் தானமாகக் கொடுத்த அந்த மலைநிலத்தில் 1919 ஆகஸ்டு 15-ம் தேதி ஆசிரமம் தொடங்கியது. ஓலைக்குடிசைகள்தான். பெதனி என்று பெயர் வைத்தார்கள். யேசுநாதர் களைத்தபோது வந்து தங்கிய வீடு, மார்த்தாளும் மரியாளும் லாசரும் இருந்த வீடு, பெதனி என்ற சிற்றூரில்தான் இருந்தது. மார்த்தாள் அடுக்களையில் உழைத்தவள். மரியாள் பாதத்தில் அமர்ந்து கேட்டவள். உழைப்பும் ஜெபமும் சேர்ந்த வாழ்வுக்குப் பொருத்தமான பெயர்.

எம்.ஏ. அச்சன் காவி உடுத்தார். சைவ உணவு. மாணவர்களோடு சேர்ந்து காடு வெட்டினார், மண் சுமந்தார், நள்ளிரவில் எழுந்து ஜெபித்தார். சிரியாக் மொழியில் கிடந்த பழைய ஜெபங்களைச் சாதாரண ஜனங்கள் சொல்லும்படி மலையாளத்தில் ஆக்கும் வேலை அந்தக் குடிசைகளில் நடந்தது. கிரிதீபம் என்ற தம் நூலில் இந்த வாழ்வின் நோக்கத்தை எழுதினார்.

கத்தோலிக்கரான நம் தமிழ்ப் பாட்டிமார் ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழு என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதில் முதலாவது ஆங்காரம். அதற்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி. சின்ன வயதில் மனப்பாடமாகச் சொல்லிவிட்டு ஓடிவிடுவோம். தாழ்ச்சி என்றால் தலையைக் குனிந்துகொண்டு வாய்பேசாமல் இருப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. எம்.ஏ. அச்சன் அந்த ரகம் இல்லை. பிடிவாதக்காரர், கண்டிப்பானவர், ஒன்றை எடுத்தால் முடிக்காமல் விடாதவர். தமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பை மட்டும் அந்த மலையில் இறக்கி வைத்தார். அதற்குப் பின்தான் அவருக்குச் சில விஷயங்கள் தெரியத் தொடங்கின என்று எனக்குத் தோன்றுகிறது.

தேடிப் போகாத மேற்றிராணியார் பட்டம் காட்டுக்கே வந்தது. 1925 மே 1-ம் தேதி நிரணத்தில் பட்டம் சூட்டினார்கள். இவானியோஸ் என்று புதுப் பெயர். யோவான் என்பதன் வடிவம் அது. அதே வருஷம் பெண்களுக்கான பெதனி மடமும் உண்டாயிற்று. அவர் சிறுவனாக இருந்தபோது சபையில் பெண்துறவியர் மடம் என்பதே கிடையாது.

கடிதங்கள்

சரித்திரம் படித்தவர் தம் கையால் கட்டியதையே திருப்பிப் பார்த்தார். பாத்திரியார்க்கின் ஆட்சி வேண்டாம் என்று கதோலிக்கா பட்டத்தை உண்டாக்கினோம். சண்டை ஓயவில்லை. சபையின் தலைமை யாரிடம் என்பதை ஒவ்வொரு முறையும் சமஸ்தானத்துக் கோர்ட்டுதான் சொல்கிறது. அப்படியானால் சபையின் ஒற்றுமைக்கு வேர் எங்கே? யேசுநாதர் இராயப்பரிடம் மந்தையை ஒப்படைத்தார் என்று வேதத்தில் படிக்கிறோமே, அந்த இராயப்பரின் ஆசனத்தை விட்டு விலகி நின்றுகொண்டு ஒற்றுமையைத் தேட முடியுமா?

இந்தக் கேள்விக்கான நூல்கள் அவருக்குப் புதிதல்ல. சென்னையிலும் செராம்பூரிலும் படித்திருந்தார். அப்போது அவை வாதத்துக்கு வேண்டிய கருவிகள். எதிராளியை மடக்க எது உதவும் என்று பார்த்துப் படிப்பவன், அந்த வரியே தன்னை மடக்குவதைக் கவனிப்பதில்லை. மலையில் தினமும் ஏழு வேளை ஜெபித்து, பூசையில் திருச்சபை முழுவதற்காகவும் வேண்டிக்கொள்ளும்போது, நாம் யாரோடு சேர்ந்து வேண்டுகிறோம் என்ற கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று.

1926-ல் பருமலையில் கூடிய மேற்றிராணிமார் ரோமாபுரியோடு கடிதத் தொடர்பு கொள்ளும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். பழைய அந்தியோக்கிய வழிபாட்டு முறையை மாற்றக் கூடாது, மேற்றிராணிமாரின் பட்டத்தை ஏற்க வேண்டும் என்பவை முக்கிய வேண்டுகோள்கள். வருஷக்கணக்கில் கடிதங்கள் போய் வந்தன.

இங்கே ஒரு நேர்மையான சந்தேகம் எழும். பட்டத்தையும் அதிகாரத்தையும் உறுதி செய்துகொண்டு போவது என்ன தாழ்ச்சி? பேரம் அல்லவா? அவரை விமரிசித்தவர்கள் அன்றே இப்படிக் கேட்டார்கள். வழிபாட்டு முறை அவர் சொந்தச் சொத்தல்ல, ஜனங்களுடையது; அதற்காக வாதாடியது கடமை என்பது ஒரு பதில். இன்னொரு பதிலை 1930-ல் நடந்ததே சொல்கிறது. அவ்வருஷம் ஜூலையில் பாப்பரசர் பதினோராம் பத்திநாதரின் சம்மதம் வந்தபோது, சேர்ந்து எழுதத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் உடன் வரவில்லை. சபை முழுதும் அழைத்துக்கொண்டு தலைவராகப் போயிருக்க வேண்டியவர், ஏறத்தாழத் தனி ஆளாக நின்றார். அந்த நிமிஷத்தில் கடிதங்களை மடித்துவைத்துவிட்டு மலையில் இருந்துவிட்டால் ஆசிரமம் இருக்கும், பட்டம் இருக்கும், ஆயிரக்கணக்கான ஜனங்களின் பக்தி இருக்கும்.

1930 ஆகஸ்டில் அவர் மலையை விட்டு இறங்கினார். பதினோரு வருஷம் வெட்டித் திருத்திய நிலம், கோவில், கட்டிடம் எல்லாம் பழைய சபையிடமே நின்றன. 3,000 பூவராகன் வட்டிக்காகப் பதினைந்து வருஷம் வழக்காடிய கட்சியில் வளர்ந்தவர் அவர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆசிரமத்துச் சகோதரர் பலர் கூட வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. தொடக்கத்திலிருந்தே கூட உழைத்த அலெக்சியோஸ் என்ற துறவி மலையிலேயே தங்கி, பிற்காலத்தில் ஆர்த்தடாக்ஸ் சபையின் மேற்றிராணியாரானார். பெருநாட்டு ஆசிரமம் இன்றும் அந்தச் சபையினுடையதுதான். அவர்களுக்கு இது துரோகமாகப் பட்டது. வீட்டுக்குள் நடந்த பிரிவின் வலி அது. பிரிந்து போனவரின் சரித்திரம் எழுதும்போது, நின்றவர்களின் கண்ணீரையும் ஒரு வரி எழுதாவிட்டால் நியாயமாகாது.

கீழே வந்தவர்களுக்கு வீடில்லை. முதலில் வெண்ணிக்குளத்தில் கிடைத்த எளிய இடத்தில் தங்கினார்கள். பிறகு திருவல்லாவுக்குப் பக்கத்தில் திருமூலபுரம்.

ஐந்து பேர்

1930 செப்டம்பர் 20. கொல்லம் மேற்றிராணியார் இல்லத்துச் சிறிய கோவில். உள்ளே நின்றவர் பென்சிகர் ஆண்டகை. ஸ்விட்சர்லாந்தில் செல்வந்தப் பதிப்பகக் குடும்பத்தில் பிறந்து, கார்மல் சபைத் துறவியாகி, 1905 முதல் கொல்லம் மறைமாவட்டத்தை ஆண்டவர். அவர் முன்னிலையில் மண்டியிட்டு விசுவாச உறுதிமொழி எடுத்தவர்கள் ஐந்தே பேர்: மார் இவானியோஸ், அவருடைய சீடரும் மேற்றிராணியாருமான மார் தியோபிலோஸ், ஜான் என்ற குரு, அலெக்சாண்டர் என்ற திருத்தொண்டர், சாக்கோ என்ற சாதாரணக் குடும்பஸ்தர்.

சபைக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர், மெத்ரான்மாரை உருவாக்கியவர், ஞானோபதேசத்தில் சேரும் பிள்ளையைப்போல நான் விசுவசிக்கிறேன் என்று வரி வரியாகச் சொன்னார். மறுநாள் அவருக்கு நாற்பத்தெட்டு வயது நிறைந்தது.

பென்சிகர் ஆண்டகையைப் பற்றி ஒரு வார்த்தை. அடுத்த வருஷமே அவர் தம் பதவியை விட்டு விலகி, இதே திருவனந்தபுரத்தில் கார்மல் ஹில் மடத்தில் ஒரு சாதாரணத் துறவியாக வந்து ஒதுங்கினார். 1942-ல் அங்கேயே காலமானார். அன்று அந்தச் சிறு கோவிலில், பதவியை விட்டு வந்தவரை வரவேற்றவர், பதவியை விடப்போகிறவர். இருவர் கடைசி நாட்களும் இந்த ஊரில்தான்.

பட்டணத்துக்கு வந்த காவி

1932-ல் மார் இவானியோஸ் ரோமாபுரி சென்று பாப்பரசரைக் கண்டார். அதே வருஷம் டப்ளினில் நடந்த அகில உலக நற்கருணை மாநாட்டிலும் கலந்துகொண்டார். ஜூன் மாதத்தில் திருவனந்தபுரத்தைத் தலைமையாகக் கொண்ட உயர்மறைமாவட்டமும், திருவல்லா மறைமாவட்டமும் மலங்கரைக் கத்தோலிக்கருக்கென்று உண்டாயின. 1933 மே 11-ம் தேதி இந்நகரில் பேராயராகப் பொறுப்பேற்றார். பட்டம் அவர் இருப்பிடமாயிற்று.

இந்த இருபது வருஷத்தைப் பற்றிப் பள்ளிகள், கோவில்கள், மடங்கள் என்று கணக்குச் சொல்லிக்கொண்டே போகலாம். அதை விட்டுவிடுகிறேன். நம்மவர்களுக்கு நெருக்கமானது ஒன்று உண்டு.

கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-ம் தேதிதான் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. அவர் காலத்தில் மார்த்தாண்டமும் குழித்துறையும் திருவிதாங்கூரில்தான் இருந்தன. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே நெய்யாற்றின்கரை முதல் மார்த்தாண்டம் வரை பனையேறிகளும் கூலிவேலைக்காரரும் நிறைந்த கிராமங்கள். சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாக மிதிபட்டவர்கள். மலையாள நாட்டுப் பழைய சிரியன் குடும்பங்களுக்கும் இவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. தோமையாரிடம் ஞானஸ்நானம் பெற்ற வம்சம் என்ற பெருமையில், புதிதாக வருபவரைப் பக்கத்தில் உட்காரவைக்கத் தயங்கிய காலம் அது. சமஸ்தானத்தில் கோவில் நுழைவுப் பிரகடனமே 1936-ல்தான் வந்தது.

மார் இவானியோஸ் தம் குருமாரை அந்தக் கிராமங்களுக்கு அனுப்பினார். ஓலைக்கொட்டகைகளில் பூசை தொடங்கியது. சிரியன் கிறிஸ்தவர்களின் பழம்பெருமை வாய்ந்த வழிபாடு பனையேறியின் குடிசைக்கு வந்தது. பெருநாட்டு மலையில் மலையாளம் பேசத் தொடங்கிய அந்த ஜெபங்கள் பிற்பாடு தமிழும் பேசின. 1996-ல் மார்த்தாண்டம் தனி மறைமாவட்டமாயிற்று. இன்று அங்கே சிரியாக் ராகத்தில் தமிழ்ப் பூசை கேட்கலாம். நாகர்கோவில் பஸ்ஸில் வாரக்கடைசியில் ஊருக்குப் போகும் நண்பர்கள் ஒருமுறை மார்த்தாண்டத்தில் இறங்கிக் கேட்டுப் பார்க்கலாம். முதலில் விசித்திரமாக இருக்கும், அப்புறம் பிடித்துவிடும்.

1949-ல் நாலாஞ்சிறையில் அவர் பெயரால் கல்லூரி எழுந்தது. ஒரு காலத்தில் எம்.ஏ. என்ற இரண்டெழுத்தே பெயராக இருந்தவருக்கு, எளியவர்களின் பிள்ளைகளும் அந்த எழுத்துக்களைப் பெற வேண்டும் என்ற ஆசை இருந்தது. கல்லூரி நடப்பதைப் பார்க்க அவருக்கு நாலு வருஷந்தான் கிடைத்தது. நோய் படுக்கையில் தள்ளியது. 1953 ஜனவரியில் பெனடிக்ட் மார் கிரிகோரியோசைத் துணை ஆயராக்கிப் பொறுப்பை ஒப்படைத்தார். ஜூலை 15-ம் தேதி காலமானார். பட்டம் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

கொல்லத்தில் ஐந்து பேரோடு தொடங்கிய அந்தக் கூட்டம் இன்று நான்கு லட்சத்துக்கு மேல். 2007 ஜூலை 14-ல் அவரை இறை ஊழியர் என்றும், 2024 மார்ச் 14-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அனுமதியோடு வணக்கத்துக்குரியவர் என்றும் திருச்சபை அறிவித்தது. புனிதர் பட்டத்துக்கு இன்னும் படிகள் இருக்கின்றன.

ஜூலை மாதத்து யாத்திரை புறப்படுவது, அவர் விட்டுவிட்டு வந்த அதே பெருநாட்டிலிருந்துதான். அன்று காவி உடுத்தி வெறுங்கையோடு இறங்கிய அந்த மலைச்சரிவில் தொடங்கி, அடூர், கொட்டாரக்கரை வழியாக ஐந்து நாள் நடக்கிறார்கள். தெற்கே மார்த்தாண்டம் பக்கத்திலிருந்தும் ஒரு கூட்டம் வருகிறது. அவர்கள் வாயில் தமிழ்ப் பாட்டு. ஈரக்காலும் சேறுபட்ட வேட்டியுமாக வரிசையில் நின்று, கல்லறையை ஒருமுறை தொட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிழக்கேகோட்டைப் பக்கம் விரைகிறார்கள்.